சூப்பர்சார்ஜர் போடும் மஸ்டாங்குக்கு இன்ஜெக்டரை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 1990 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, 5.0 வி8, மேனுவல் கியர். இன்ஜினுக்குள் எதையும் தொடவில்லை. 8 பிஎஸ்ஐ பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) தரும் சென்ட்ரிஃபியூகல் சூப்பர்சார்ஜர் கிட் ஒன்று வாங்கியிருக்கிறேன், அதோடு பூஸ்டில் பெட்ரோல் அழுத்தத்தை ஏற்றும் எஃப்எம்யூ என்ற கருவியும் வந்திருக்கிறது. மணிக்கு 42 பவுண்டு பெட்ரோல் தரும் இன்ஜெக்டர் போட்டால் போதும், கம்பெனி பம்ப்பே தாங்கும் என்கிறார் நண்பர். சரியா? பிறகு இ85க்கு (எத்தனால் அதிகம் கலந்த எரிபொருள்) மாறும் யோசனையும் இருக்கிறது.

பதில்: இன்ஜெக்டர் விஷயத்தில் நண்பர் சொல்வது சரி, பம்ப் விஷயத்தில் தப்பு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அதனால் டேங்க்கிலிருந்து ஆரம்பித்து முன்னால் வருவோம், ஆனால் அதற்கு முன் எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுவிடுவோம், ஏனென்றால் இந்த வேலையில் பாதிப் பேர் கணக்குப் போடாமல்தான் காசை விடுகிறார்கள்.

உங்கள் இன்ஜின் ஃபோர்டு கணக்கில் 225 குதிரைத்திறன். 8 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால் உள்ளே போகும் காற்றின் அழுத்தம் சுமார் 1.54 மடங்கு. காற்று சூடாவதிலும் பெல்ட் சுற்றுவதிலும் கொஞ்சம் போய்விடும், ஆனாலும் 330, 340 பக்கம் வரும். பாதுகாப்புக்கு 350 என்று வைத்துக்கொள்வோம். சூப்பர்சார்ஜர் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.6 முதல் 0.65 பவுண்டு பெட்ரோல் குடிக்கும், சாதாரண இன்ஜினுக்கு 0.5 போதும். 350ஐ 0.62ஆல் பெருக்கினால் மணிக்கு 217 பவுண்டு. 8 இன்ஜெக்டருக்குப் பிரித்து, ஒவ்வொன்றையும் 80 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்ற வழக்கப்படி பார்த்தால், ஒன்றுக்கு 34 பவுண்டு வருகிறது. உங்களிடம் இப்போது இருப்பது 19 பவுண்டு. 30 போதாது, 36 சரியாக இருக்கும், 42 போட்டால் இதே கணக்கில் சுமார் 430 குதிரைத்திறன் வரை தாங்கும். நாளைக்குச் சின்ன புல்லி போட்டு பூஸ்ட்டை ஏற்றும் ஆசை யாருக்குத்தான் வராது. அதனால் 42 நல்ல தேர்வுதான்.

இப்போது பம்ப். அதே 217 பவுண்டு பெட்ரோலை லிட்டரில் சொன்னால் மணிக்கு சுமார் 135 லிட்டர். ஃபோர்டு உங்கள் டேங்க்கில் வைத்த பம்ப்பை 88 லிட்டர் பம்ப் என்றுதான் சொல்வார்கள், அதுவும் புதிதாக இருந்தபோது. உங்கள் காருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 42 பவுண்டு இன்ஜெக்டரை மாட்டி இந்தப் பம்ப்பை அப்படியே விட்டால், ஐடிலில் கார் பட்டுப்போல ஓடும், ஊருக்குள் ஒரு குறையும் தெரியாது. நெடுஞ்சாலையில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து 5000 ஆர்பிஎம்மைத் தாண்டும்போது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாயான ஃபியூயல் ரெயிலில் அழுத்தம் சரியும், கலவையில் பெட்ரோல் குறைந்து லீனாகும், சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் ஆரம்பிக்கும். உங்கள் 1990 இன்ஜினில் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் என்பதால் கொஞ்சம் பொறுக்கும். 1993 மாடலில் ஹைப்பர்யூடெக்டிக் (வார்த்து எடுத்த) பிஸ்டன், அது நாக்கிங்கில் அவ்வளவு பொறுக்காது. பொறுக்கும் என்பதற்காகச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

டேங்க்குக்குள் போகும் 255 லிட்டர் பம்ப் ஒன்று போதும். இதற்கு மேல் பெரிதாக வாங்காதீர்கள். தேவைக்கு மீறிய பம்ப் போட்டால் ஐடிலில் மிஞ்சும் பெட்ரோல் முழுவதும் ரிட்டர்ன் லைன் வழியாகத்தான் திரும்ப வேண்டும், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பழைய ரெகுலேட்டரும் ஒல்லியான ரிட்டர்ன் குழாயும் அதை விழுங்க முடியாமல் அழுத்தம் தானாக ஏறும், பெட்ரோலும் சுற்றிச் சுற்றிச் சூடாகும்.

பம்ப்பை வாங்கி மாட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். 255 என்று பெட்டியில் போட்டிருப்பது 13.5 வோல்ட்டில். டேங்க் வரை போகும் அந்தப் பழைய ஒல்லி ஒயரில் வழியிலேயே ஒன்றரை, இரண்டு வோல்ட் காணாமல் போவது சாதாரணம், வோல்ட் குறைந்தால் பம்ப்பின் வேகம் குறையும், பெட்ரோலும் குறையும். மல்டிமீட்டரை எடுத்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பம்ப் கனெக்டரிலேயே அளந்து பாருங்கள். பேட்டரியில் 13.8 காட்டும்போது இங்கே 12க்குக் கீழே காட்டினால் புது ஒயரிங் கட்டாயம். பேட்டரியிலிருந்து 10 கேஜ் ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், பின்னால் ஒரு ரிலே, பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி நல்ல எர்த். அந்த ரிலேயை இயக்க ஃபோர்டின் பழைய பம்ப் ஒயரையே பயன்படுத்துங்கள். மோதல் நடந்தால் பம்ப்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் அந்தப் பழைய சர்க்யூட்டில்தான் இருக்கிறது. ‘நேராக இக்னிஷனிலிருந்து கொடுத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கார் கவிழ்ந்து கிடக்கும்போதும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

டேங்க்கை இறக்கும்போது இன்னொன்று. பம்ப்பையும் அதைத் தாங்கும் ஹேங்கரையும் இணைக்கும் சின்ன ரப்பர் ஹோஸை மாற்றியே ஆக வேண்டும், ஆனால் கடையில் கிடைக்கும் எந்த ஃபியூயல் ஹோஸும் ஆகாது. பெட்ரோலுக்குள் முழுகிக் கிடக்கும் ஹோஸுக்கு எஸ்ஏஇ 30ஆர்10 என்று தனித் தரம் உண்டு. வெளியே ஓடுவதற்கான ஹோஸை உள்ளே போட்டால் வெளிப்பக்கம் ஊறிக் கரைந்து, கடைசியில் பிளந்து, பம்ப் தள்ளுவதில் பாதி டேங்க்குக்குள்ளேயே கொட்டும். பெரிய பம்ப் போட்டும் அழுத்தம் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பல கார்களில் கடைசியில் அகப்படுவது இந்தக் குட்டி ஹோஸ்தான். பம்ப்போடு வரும் வடிகட்டி, வெளியே இருக்கும் ஃபில்டர் இரண்டும் புதிதாகப் போடுங்கள். வேலைக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ரெயிலில் இருக்கும் வால்வில் அழுத்தத்தை வெளியேற்றிவிடுங்கள்.

சரி, எஃப்எம்யூ. பூஸ்ட் ஒரு பிஎஸ்ஐ ஏறினால் பெட்ரோல் அழுத்தத்தைப் பத்து, பன்னிரண்டு பிஎஸ்ஐ ஏற்றும் கருவி அது. ரிட்டர்ன் குழாயை நெரித்து அந்த வேலையைச் செய்கிறது. காகிதத்தில் கணக்கு அழகாகவே வரும்: ஒரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கு 12 பிஎஸ்ஐ ஏற்றும் ‘12க்கு 1’ தட்டோடு 8 பிஎஸ்ஐ பூஸ்டில் அழுத்தம் 39லிருந்து 135க்குப் போகும், அந்த அழுத்தத்தில் 19 பவுண்டு இன்ஜெக்டரே 34 பவுண்டு தள்ளும். நமக்கு வேண்டிய அதே 34. ஆனால் 135 பிஎஸ்ஐயை எதிர்த்து மணிக்கு 135 லிட்டர் கொடுக்க டேங்க் பம்ப் ஒன்றால் ஆகாது, அதனால்தான் பல கிட்டுகளில் கூடுதலாக ஒரு இன்லைன் பம்ப் வைத்தார்கள். அவ்வளவு அழுத்தத்தில் பழைய இன்ஜெக்டர்கள் சரியாகத் திறக்கவும் திணறும். ட்யூனிங் வசதி எளிதில் கிடைக்காத காலத்தில் அது ஒரு வழி. 42 பவுண்டு இன்ஜெக்டர் போட்ட பிறகு அது தேவையில்லை, இரண்டையும் ஒன்றாக வைத்தால் பூஸ்டில் பெட்ரோல் வெள்ளமாகிவிடும். கழற்றி வையுங்கள். கம்பெனி ரெகுலேட்டரின் வேக்குவம் குழாய் மட்டும் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கட்டும், கிளிப் போட்டு இறுக்குங்கள். பூஸ்டில் அது கழன்றால் கதை முடிந்தது.

அடுத்தது இன்ஜினுக்குள் போகும் காற்றை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஏர் மீட்டர். 42 பவுண்டு இன்ஜெக்டருக்கு ‘கேலிபரேட்’ செய்த மீட்டர் என்று ஒன்று விற்பார்கள், கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம் என்பார்கள். அது என்ன செய்கிறது என்றால், வரும் காற்றில் பாதிக்கும் குறைவாகத்தான் வருகிறது என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கிறது. பெட்ரோல் அளவு எப்படியோ சரியாக வந்துவிடும். ஆனால் இக்னிஷன் டைமிங்கையும் கம்ப்யூட்டர் அதே காற்றை வைத்துத்தானே முடிவு செய்கிறது? இன்ஜினுக்கு லோடு குறைவு என்று நம்பி டைமிங்கை முன்னால் தள்ளும், அதுவும் பின்னால் இழுக்க வேண்டிய பூஸ்ட் நேரத்தில். இந்தக் குறுக்குவழி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நிஜமான அளவு காட்டும் பெரிய மீட்டர் ஒன்றைப் போட்டு, உங்கள் காரின் ஏ9எல் கம்ப்யூட்டரின் பின்பக்கம் இருக்கும் ஜே3 போர்ட்டில் சிப் மாட்டி ட்யூன் செய்யுங்கள். மாட்டும் முன் அந்தப் போர்ட்டின் பற்களில் படிந்திருக்கும் பூச்சைச் சுத்தமாகத் துடைத்தெடுங்கள். அது கொஞ்சம் மிச்சமிருந்தாலும் கார் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது, காரணம் பிடிபடாது.

எல்லாம் மாட்டியதும் முதல் முழு மிதியை சாலையில் வைக்காமல், காரை நிறுத்தியபடி ஓட்டி அளக்கும் டைனோவில் வையுங்கள். காற்று-பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் வேண்டும், காரோடு வந்த ஆக்ஸிஜன் சென்சார் பூஸ்டில் எதற்கும் உதவாது. கலவை, அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்ற விகிதம், 11.5க்கும் 11.8க்கும் நடுவில் நிற்க வேண்டும். அதைவிட நான் உற்றுப் பார்ப்பது பெட்ரோல் அழுத்தத்தை. ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றி ஐடிலில் 39 வைத்துவிட்டு மறுபடி மாட்டியிருந்தால், 8 பிஎஸ்ஐ பூஸ்டில் முள் 47க்கு வர வேண்டும். 44 வரை ஏறி அங்கேயே நின்றாலோ மேலே போகப்போகச் சரிந்தாலோ காலை எடுத்துவிடுங்கள், பம்ப், வோல்ட், ஃபில்டர், அந்த ஹோஸ் ஆகிய நான்கில் ஒன்றுதான் குற்றவாளி. கேஜை பெட்ரோல் குழாயோடு காருக்குள் கொண்டுவர வேண்டாம். கண்ணாடிக்கு வெளியே ஒட்டிவையுங்கள், இல்லையென்றால் எலெக்ட்ரிக் கேஜ் போடுங்கள்.

அப்புறம் இ85. அதே 350 குதிரைத்திறனுக்கு எரிபொருள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும், இன்ஜெக்டர் ஒன்றுக்கு 46 பவுண்டு தேவைப்படும், 42 பற்றாது. நல்ல ஒயரிங் இருந்தால் 255 பம்ப் அளவில் தாங்கும், ஆனால் எத்தனாலுக்கு ஏற்றது என்று போட்டிருக்கும் பம்ப்பாகப் பார்த்து வாங்குங்கள், எல்லாமே அப்படி இல்லை. ஒரு வருடத்துக்குள் மாறுவது உறுதி என்றால் இப்போதே 60 பவுண்டு இன்ஜெக்டர் வாங்குங்கள். பழைய மாதிரி 60 பவுண்டு இன்ஜெக்டர்கள் ஐடிலில் தொல்லை தரும், இப்போது வரும் புது வகை பெட்ரோலிலேயே ஒழுங்காக ஐடில் ஆகும், அதன் டெட் டைம் (மின்சாரம் வந்து இன்ஜெக்டர் திறக்க ஆகும் தாமதம்) விவரத்தைக் கேட்டு வாங்கி ட்யூனரிடம் கொடுத்துவிடுங்கள். உறுதியில்லை என்றால் 42 போதும்.