கோத்தகிரி ஈரத்துக்கு எந்த மடக்குக் கத்தி?

டி2 என்ற எஃகு வகை அலகில் இரண்டே மாதத்தில் துருப்புள்ளி, தேங்காய் எண்ணெய் விட்டும் மடக்குமிடம் இறுகுகிறது என்கிறீர்கள். இறுக்கத்துக்கு அந்த எண்ணெய்தான் காரணம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். துடைத்தெடுத்து, திருகுப் பக்கம் உணவுத்தர மினரல் ஆயில் ஒரே சொட்டு விடுங்கள்.

டி2-வில் குரோமியம் சுமார் 12 சதவீதம். அதில் ஒரு பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடாகிவிடுவதால் துருவைத் தடுக்க மிச்சம் போதாது. உங்கள் மூடுபனிக்கு 14சி28என் என்ற துருப்பிடிக்காத எஃகே என் தேர்வு. சாதாரணச் சாணைக்கல்லிலேயே கூர் ஏறும். எஸ்35விஎன் என்ற எஃகில் கூர் இன்னும் நாள் நிற்கும், ஆனால் தீட்டுவது கடினம், வைரத்தகடு இருந்தால் எளிது. அலகு 8 செ.மீ. போதும். மரப்பிடி வேண்டாம், ஈரத்தில் உப்பி அலகைப் பிடித்துக்கொள்ளும். ஜி10 (கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்த தகடு) பிடி வாங்குங்கள். தோலுறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை விடாது. எலுமிச்சை, பிளம்ஸ் நறுக்கினால் உடனே கழுவித் துடைத்த பிறகே மடக்குங்கள்.