எந்தப் பாட்டை ரெஃபரன்ஸாக வைப்பது? மிக்ஸிங் கேள்வி பதில்

இன்றைக்கு ரெஃபரன்ஸ் டிராக் மட்டும்தான் பேச்சு. அதாவது, மிக்ஸ் செய்யும்போது (தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் ஒரே பாட்டாகக் கலக்கும்போது) ஒப்பிட்டுக் கேட்பதற்காகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும், ஏற்கெனவே வெளிவந்த பாட்டு. ஸ்பீக்கர் விலை, பிளக்-இன் சிபாரிசு கேட்பவர்களைத் தாண்டிப் போய்விடுவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கிடார் தம்பி: அண்ணா, கிடாரும் குரலும் மட்டும் வைத்து வீட்டிலேயே ஒரு பாட்டு பண்ணியிருக்கிறேன். இப்போது ஓடுகிற ஒரு குத்துப்பாட்டை ரெஃபரன்ஸாகப் போட்டேன். பக்கத்தில் என் பாட்டு சப்பென்று கேட்கிறது.

கேட்கத்தான் செய்யும் தம்பி. அதில் பறை, சிந்த் பாஸ், கோரஸ் என்று ஒரு ஊரே நிற்கிறது. உங்கள் பாட்டில் இரண்டே ஆள். கிடாரின் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உங்கள் பாட்டில் ஒன்றும் இல்லை, இருக்கவும் வேண்டாம். குத்துப்பாட்டில் இருக்கிறதே என்று 50 ஹெர்ட்ஸை ஈக்யூவில் (பாஸ், டிரெபிள் என்று ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) தூக்கினால் மேலே வருவது ஃபேன் சத்தமும், மைக் ஸ்டாண்டில் கால் இடித்த சத்தமும்தான். குரலும் ஒற்றைக் கிடாரும் மட்டும் உள்ள பாட்டாகத் தேடுங்கள். பாடுபவரின் குரலும் உங்கள் ஸ்தாயிக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

மொட்டைமாடி: எதைப் போட்டாலும் ரெஃபரன்ஸ்தான் நன்றாகக் கேட்கிறது. என் மிக்ஸ் தோற்றுக்கொண்டே இருக்கிறது.

வால்யூமைச் சமன் செய்தீர்களா? இல்லையென்றால் அது போட்டியே இல்லை. ரெஃபரன்ஸ் மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் செய்யும் கடைசி மெருகு) முடிந்து வந்த பாட்டு, மைனஸ் 8 லஃப்ஸ் (LUFS, காதுக்குப் படும் சத்தத்தின் அளவு) அளவில் இருக்கலாம். உங்கள் மிக்ஸ் மைனஸ் 18-ல் இருந்தால் நடுவில் 10 டெசிபல் வித்தியாசம். சத்தம் கூடினாலே காதுக்கு பாஸும் டிரெபிளும் கூடினமாதிரி இருக்கும். ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய சங்கதி இது. அதனால் ரெஃபரன்ஸை 10 டெசிபல் இறக்குங்கள். உங்கள் மிக்ஸில் லிமிட்டரை (உச்சங்களை அடக்கி மொத்தச் சத்தத்தை ஏற்ற உதவும் கருவி) போட்டு ஏற்றாதீர்கள். பல்லவிக்குப் பல்லவி, சரணத்துக்குச் சரணம் வைத்துக் கேளுங்கள். உங்கள் சரணத்தை அவர்கள் பல்லவியோடு ஒப்பிட்டால் மறுபடியும் தோல்விதான்.

அதோடு, ரெஃபரன்ஸ் டிராக் உங்கள் மாஸ்டர் பஸ் (எல்லா டிராக்கும் சேர்ந்து போகும் கடைசிப் பாதை) வழியாகப் போகக் கூடாது. அங்கே நீங்கள் போட்ட கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) அதையும் சேர்த்து நசுக்கும். நேராக அவுட்புட்டுக்கு அனுப்புங்கள். எக்ஸ்போர்ட் பண்ணும் முன் மியூட் செய்யுங்கள். அடுத்தவர் பாட்டும் சேர்ந்து ஓடுகிற ஃபைலை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டவர்கள் உண்டு.

இரவு ராகம்: மைனஸ் 14 லஃப்ஸில்தான் மாஸ்டர் செய்ய வேண்டுமா?

இல்லை. ஸ்பாட்டிஃபை சாதாரணமாகப் பாடவிடும் அளவு அது. அதைவிடச் சத்தமான பாட்டை அவர்களே இறக்கிக்கொள்வார்கள். உங்கள் ரெஃபரன்ஸை மீட்டரில் போட்டுப் பாருங்கள், புரியும்.

பாஸ் பிரியன்: யூடியூபிலிருந்து இறக்கிய பாட்டு போதுமா சார்?

போதாது. சிம்பலின் ஓசையும் ரிவர்ப் தேயும் வாலும் சுருக்கும்போதுதான் முதலில் கெடும், நீங்கள் ஒப்பிடப்போவதும் அவற்றைத்தான். சிடியிலிருந்து எடுங்கள், அல்லது லாஸ்லெஸ்ஸாக வாங்குங்கள். ஆப்பிள் மியூசிக்கில் கேட்பவர்கள் டால்பி அட்மாஸை (சுற்றிலும் இருந்து ஒலி வருவதுபோல் செய்யும் முறை) அணைத்துவிடுங்கள். 2021-லிருந்து பல பாட்டுக்கு அங்கே அட்மாஸ் மிக்ஸ் தனியாக இருக்கிறது. உங்கள் ஸ்டீரியோவை அதோடு ஒப்பிட்டு ‘குரல் ஏன் தள்ளிப் போய்விட்டது’ என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

டேப் காலம்: 80களின் ராஜா பாட்டுதான் என் ரெஃபரன்ஸ். அந்த வெதுவெதுப்பு இன்று எவனுக்கு வருகிறது?

பாட்டில் எனக்கும் மறுப்பில்லை. உங்கள் கையில் இருப்பது அந்தப் பாட்டின் எந்தப் பிரதி?

டேப் காலம்: ரீமாஸ்டர் என்று போட்டிருந்தது. பழையதைவிடத் தெளிவு.

தெளிவா, சத்தமா? இரண்டையும் ஒரே வால்யூமில் வைத்துக் கேட்டீர்களா? (மொட்டைமாடிக்குச் சொன்னதேதான்.) அனலைசரில் (ஒலியின் பகுதிகளைப் படமாகக் காட்டும் கருவி) போட்டுப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தி வைத்த மாதிரி நின்றால் யாரோ எம்பி3-யை எடுத்து ஊதியிருக்கிறார் என்று சந்தேகப்படலாம். ஒரே பாட்டு பிரதிக்குப் பிரதி மாறும். மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’ 2008-ல் வந்தபோது சத்தத்தை ஏற்றி ஏற்றியே சிடி நசுங்கிக் கிடந்தது. ‘கிடார் ஹீரோ’ விளையாட்டில் வந்த அதே பாட்டுகளில் டிரம்ஸ் மூச்சு விட்டது. ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சண்டைக்கே போனார்கள்.

தவில்காரன்: இடையில் வருகிறேன். டேப் காலம் சொல்கிற வெதுவெதுப்பு டேப்பில் இல்லை. வயலின்காரர்கள் ஒரே ஹாலில் உட்கார்ந்து சேர்ந்து வாசித்தார்கள், அதுதான்.

அதேதான். ஒருவர் மைக்கில் பக்கத்தில் இருப்பவர் வில்லும் கொஞ்சம் விழும். அந்தக் கசிவுதான் ஒட்டு. சாம்பிள் லைப்ரரியில் (தனித்தனியாகப் பதிந்து வைத்த வாத்திய ஓசைகளின் தொகுப்பு) இருந்து வயலின் போட்டுவிட்டு, 80களின் பாட்டைப் பார்த்து டேப் ஓசையைப் போலி செய்யும் பிளக்-இன்னை ஏற்றினால் மந்தம்தான் மிஞ்சும்.

டேப் காலம்: அப்போ பழைய பாட்டை ரெஃபரன்ஸாக வைக்கவே கூடாது என்கிறீர்கள்.

அப்படிச் சொல்லவில்லையே! குரலை எவ்வளவு முன்னால் வைத்தார்கள், இடையிசையில் புல்லாங்குழலுக்கு எப்படி வழிவிட்டார்கள், இதற்கெல்லாம் அதைவிட நல்ல பாடம் கிடையாது. பாஸ் எவ்வளவு, மொத்தச் சத்தம் எவ்வளவு என்பதற்கு இன்றைய பாட்டு ஒன்றை வையுங்கள். ஒரு ரெஃபரன்ஸிடம் ஒரு கேள்வி.

மார்கழி பீட்ஸ்: ஸ்பாட்டிஃபைக்கு எத்தனை லஃப்ஸ்?

இரவு ராகத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தவில்காரன்: என் கேள்வி. நாதஸ்வரம், தவிலோடு டிரம்ஸும் பாஸ் கிடாரும். இதற்கு ரெஃபரன்ஸே கிடைக்கவில்லை.

முழுசாகப் பொருந்துவது கிடைக்காது, பிரித்துக்கொள்ளுங்கள். தவிலின் நிறத்துக்கு நல்ல கச்சேரிப் பதிவு ஒன்று. தவிலின் ஒரு முகமான வலந்தலையில் விரல் கூடு படும் ‘டக்’, மறுமுகமான தொப்பியில் கழி விழும் கனம், இரண்டும் அதில் எப்படித் தனித்தனியாகக் கேட்கின்றன என்று மட்டும் கவனியுங்கள். பாஸுக்கும் கிக்குக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒரு ராக் பாட்டு. அது உங்கள் பாட்டின் சுருதிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பாஸ் கிடாரில் கீழ் ஈ (E) ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ், ஏ (A) 55. ஏ-யில் உள்ள பாட்டைப் பார்த்து ஈ-யில் உள்ள பாட்டுக்கு ஈக்யூ போட்டால் தப்பான இடம் வீங்கும். தொப்பியும் கிக்கும் மோதினால் யாராவது ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். உங்கள் பாட்டில் அது கிக்காக இருக்கட்டும். நாதஸ்வரம் குத்துகிறதா என்பதைக் குறைந்த வால்யூமிலும் கேளுங்கள். 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் காது ரொம்பக் கூர்மை.

பாஸ் பிரியன்: மேட்ச் ஈக்யூ போட்டு ரெஃபரன்ஸின் வளைவை அப்படியே ஒட்டிவிட்டால்?

உங்கள் பாட்டில் இல்லாத வாத்தியத்தின் இடத்தையும் சேர்த்தே ஒட்டும். கிடார் தம்பியின் ஃபேன் சத்தம் ஞாபகம் இருக்கிறதா?

புது உறுப்பினர்: வணக்கம் சார், மாஸ்டரிங்குக்கு எந்த பிளக்-இன்...

தாண்டிப் போகிறேன்.