ஆர்.ஓ. வந்தால் எவாப்பரேட்டரைத் தூக்கிவிடலாமா?

கேள்வி: சென்னை மணலி பக்கம் விச்சூரில் ஜிங்க் பிளேட்டிங் (துத்தநாக முலாம்) பட்டறை வைத்திருக்கிறேன். கழுவிய தண்ணீர் ஒரு நாளைக்கு 10,000 லிட்டர், டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பு) லிட்டருக்கு 4,000 மி.கி. சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்து, விறகு பாய்லரை வைத்து, தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் ஓட்டுகிறேன். ஆர்.ஓ. போட்டால் தெளியவைக்கும் தொட்டி, எவாப்பரேட்டர் இரண்டுமே வேண்டாம் என்கிறார் அதை விற்க வந்தவர். நம்பலாமா?

பதில்: ஆர்.ஓ. போடுங்கள். ஆனால் இரண்டையும் எடுத்துவிடாதீர்கள்.

கொதிக்கும் தண்ணீரில் ஒரு லிட்டரை ஆவியாக்கவே சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும். ஆயிரம் லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 600 யூனிட் மின்சாரத்துக்கு மேல். உங்கள் விறகெல்லாம் இதற்குத்தான் போகிறது. ஆர்.ஓ.வில் இருக்கும் மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வில் தண்ணீர் ஆவியாவதே இல்லை. பம்ப் அழுத்தத்தில் தண்ணீர் கடந்துவிடும், உப்பு நின்றுவிடும். உங்கள் தண்ணீருக்கு ஆயிரம் லிட்டருக்கு 1 முதல் 3 யூனிட் போதும். பக்கத்தில் காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்குவதும் இந்த முறையில்தான்.

சரி, அந்த உப்பு எங்கே போகும்? 70 சதவீதம் நல்ல தண்ணீர் எடுத்தால், மீதி 3,000 லிட்டர் ரிஜெக்டில் (உப்பு சேர்ந்த கழிவுநீரில்) டி.டி.எஸ். 13,000-ஐத் தாண்டும். அதைக் கால்வாயில் விடக் கூடாது. கொசஸ்தலை ஆறு பட்டது போதும். அந்த 3,000 லிட்டருக்கு எவாப்பரேட்டர் இருக்கட்டும். விறகும் அதே அளவுக்குக் குறையும்.

தெளியவைக்கும் தொட்டிதான் இன்னும் முக்கியம். ஜிங்க் அங்கேயே இறங்கிவிட வேண்டும். பி.எச். 9-க்கும் 10-க்கும் இடையில் நன்றாகப் படியும். 11-ஐத் தாண்டினால் மறுபடி கரையத் தொடங்கும். ஆனால் சுண்ணாம்பை விட்டுக் காஸ்டிக் சோடாவுக்கு மாறுங்கள். மாத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் நான்கே மாதத்தில் அடைத்துப்போன மெம்பிரேனை அறுத்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளைப் படிவு, நகத்தால் சுரண்டினால் மணல் மாதிரி உதிர்ந்தது. ஒரு சொட்டு ஆசிட் விட்டேன், நுரைக்கவில்லை. கார்பனேட் என்றால் பொங்கியிருக்கும், ஆசிட் கழுவலிலேயே போயிருக்கும். அது ஜிப்சம். அங்கே துரு எடுக்கக் கந்தக அமிலம், தெளியவைக்கச் சுண்ணாம்பு. இரண்டும் சேர்ந்த வினை. நீங்களும் கந்தக அமிலம்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கட்டாயம் மாறுங்கள்.

எண்ணெயையும் முன்னாலேயே பிரித்துவிடுங்கள். முலாம் பூசியபின் மேலே பாதுகாப்புப் பூச்சு கொடுக்கும் பாசிவேஷன் தொட்டியின் குரோமியத் தண்ணீரைத் தனியாகப் பிடித்துச் சுத்திகரியுங்கள். அதுவும் குளோரினும் மெம்பிரேனையே அரித்துவிடும்.

அப்புறம், முன்பணம் கொடுக்குமுன் உங்கள் தண்ணீரிலேயே இரண்டு வாரம் சின்ன மெம்பிரேன் ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தினமும் ஒரே அழுத்தத்தில் வரும் நல்ல தண்ணீரை நீங்களே வாளியில் பிடித்து அளந்து குறித்து வையுங்கள். அளவு குறைந்துகொண்டே போனால் மெம்பிரேன் அடைபடுகிறது.