பிரசவம் பார்க்கப் பெர்த் போகிறேன்: பெட்டியில் எதை வைக்கலாம்?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் மாடு வைத்துக்கொண்டு குடியிருக்கிறோம். மகளுக்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் பிரசவம். கூட இருந்து பார்க்க மூன்று மாதம் போகிறேன். கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாக டிக்கெட். எனக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு, இன்சுலின் போடுகிறேன். பிரசவ லேகியம், செலவு சாமான் (சுக்கு, மிளகு, திப்பிலி போன்ற மருந்துச் சரக்கு), கோரோசனை, அரிசி, பருப்பு, மிளகாய், கருவாடு, ஒரு கருவேப்பிலைக் கன்று எல்லாம் கொண்டுபோகலாமா? மாத்திரை தீர்ந்தால் கூரியரில் அனுப்பச் சொல்லலாமா?

பதில்: மாத்திரையும் இன்சுலினும் தாராளமாகக் கொண்டுபோகலாம், காகிதம் சரியாக இருந்தால் போதும். கருவேப்பிலைக் கன்றையும் கோரோசனையையும் இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மீதிச் சாமானைப் பொறுத்தவரை அதிகாரி பார்ப்பது மூன்று: மண்ணில் போட்டால் முளைக்குமா, உள்ளே பூச்சி பிழைத்திருக்குமா, பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது.

முதலில் மருந்து. பயணி தன் சொந்த உபயோகத்துக்கு, மருத்துவர் எழுதிய அளவுப்படி 3 மாதத்துக்கு மேற்படாமல் எடுத்துச் செல்ல ஆஸ்திரேலியா அனுமதிக்கிறது. கூடவே மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் பெயர், மருந்தின் மூலப்பெயர் (மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்பதுபோல, கம்பெனிப் பெயர் அங்கே பலருக்குத் தெரியாது), ஒரு நாளைக்கு எத்தனை, எந்த நோய்க்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நம் ஊர் மருந்துக் கடைகளில் அட்டையைக் கத்தரித்துத் தருகிற பழக்கம் இங்கேதான் இடிக்கும். பாதி அட்டையில் மருந்தின் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. முழு அட்டையாக, பெட்டியோடு, பில்லோடு வாங்குங்கள். கிழமை எழுதிய மாத்திரை டப்பாவில் பிரித்துப் போடுவதை மகள் வீட்டுக்குப் போன பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்குப் பெட்டி வைக்கும் பகுதியில் குளிர் அதிகமாகி உறைந்துவிட்டால் அந்த இன்சுலின் வேலை செய்யாது, பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் போடக்கூடாது. அதே காரணத்தால் ஐஸ் கட்டிமேல் நேராகப் படும்படியும் வைக்காதீர்கள். குளிர்ப் பையில் துணி சுற்றி வைத்தால் போதும். ஊசிக்கும் சேர்த்துக் கடிதத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து இருந்தால் சிங்கப்பூரை மறக்க வேண்டாம். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் அங்கே பெட்டியை எடுத்துக்கொண்டு சுங்கம் தாண்டி வந்து மறுபடி போட வேண்டியிருக்கும். அப்போது சிங்கப்பூர்ச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். இந்த வகை மருந்துகளுக்கு அந்நாட்டு சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படலாம். பெட்டிக்குக் கோவையிலேயே பெர்த் வரைக்கும் டேக் போடுவார்களா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். குருமாவுக்கு என்று கசகசா ஒரு பொட்டலம் வைக்கிற எண்ணம் இருந்தால் வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது.

கூரியர் விஷயத்தில்தான் பலரும் மாட்டுகிறார்கள். கையில் கொண்டுபோவதற்கு உள்ள சலுகை பார்சலுக்குக் கிடையாது. தபாலிலோ கூரியரிலோ வரும் மருந்து தனி விதியில் வருகிறது: ஒரு தடவைக்கு 3 மாத அளவு, 12 மாதத்தில் மொத்தம் 15 மாத அளவுக்குள். சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய மருந்தென்றால் ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு வேண்டும். நம் ஊர் டாக்டர் சீட்டு அதற்குச் செல்லாது, அங்குள்ள மருந்துக் கடையிலும் செல்லாது. அதனால் தங்கும் நாள் நீளும் என்று தெரிந்தால் மாத்திரை தீர இரண்டு வாரம் இருக்கும்போதே மகளின் குடும்ப மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

லேகியத்துக்கு வருவோம். பிரசவித்தவளுக்குச் செலவு சாமான் இடித்துக் கொடுக்கும் நம் வழக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் வீட்டில் கிளறி எவர்சில்வர் டப்பாவில் அடைத்த லேகியத்தில் என்னென்ன இருக்கிறது என்று அதிகாரிக்குத் தெரிய வழியே இல்லை. கம்பெனி லேபிளில் தாவரப் பெயர்கள் முழுதாக அச்சிட்டிருந்தாலும் அதிலேயே ஒரு கண்ணி உண்டு. கோஷ்டம் என்ற மூலிகை அழிவாபத்துள்ள உயிரினங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. சடாமாஞ்சில் என்ற மூலிகை இரண்டாம் பட்டியலில். பல லேகியங்களில் இவை சேரும். பற்பம், செந்தூரம் கலந்தவற்றில் பாதரசம், ஈயம் பற்றிய கேள்வியும் எழும். பால் கொடுக்கும் தாய்க்கு அப்படிப்பட்டதை மருத்துவர் பார்க்காமல் கொடுக்கவும் கூடாது. கோரோசனை மாட்டின் பித்தப்பைக் கல் என்பதால் விலங்குப் பொருள். தேன் சேர்ந்திருந்தால் பெர்த்துக்கு இன்னொரு தடை: அந்த நகரம் இருக்கிற மேற்கு ஆஸ்திரேலிய மாநிலம் தன் தேனீக்களைக் காக்க வெளித்தேனைத் தனியாகவே தடுக்கிறது. எங்கள் யோசனை: சுக்கு, மிளகு, திப்பிலி, பெருங்காயம் எல்லாம் அங்குள்ள இந்தியக் கடைகளில் வாங்கி மகள் வீட்டிலேயே கிளறிக் கொடுங்கள்.

அரிசியும் பருப்பும் ஏன் கூடாது என்று பலருக்கும் கோபம் வருகிறது. காரணம் கப்ரா வண்டு. தானியக் கிடங்குகளில் வாழும் இதன் பூர்வீகமே நம் பக்கம்தான். இதன் புழு தீனி கிடைக்காவிட்டால் ஒடுங்கிக்கொண்டு வருடக்கணக்கில் இடுக்கில் கிடக்கும், சாதாரணப் பூச்சி மருந்துக்கும் எளிதில் சாகாது. ஏற்றுமதி கோதுமையை நம்பியிருக்கும் ஆஸ்திரேலியாவில் இந்த வண்டு நிலைத்துவிட்டால் வாங்கும் நாடுகள் கதவை மூடிவிடும். அதனால் 2020 முதல் பயணிகள் பெட்டியில் அரிசி, துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, சீரகம், கொத்தமல்லி விதை, சோம்பு, வரமிளகாய் போன்றவற்றுக்குத் தடை. அரிசிம்பருப்புச் சோற்றுக்கு வேண்டிய அத்தனையும் இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகிறது! கம்பெனியில் வறுத்து, பொரித்து, சீல் வைத்த பாக்கெட்டுக்கு விலக்கு உண்டு. வீட்டில் வறுத்தது அந்தக் கணக்கில் வராது. காங்கயம் தேங்காய் எண்ணெயோ செக்கு நல்லெண்ணெயோ போகும். மஞ்சளைச் சீல் வைத்த தூளாகக் கொண்டுபோங்கள். பச்சைக் கிழங்கு நடக்கூடியது என்பதால் பிடுங்கிவிடுவார்கள்.

கருவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்துச் செடி. ஆரஞ்சுத் தோப்புகளையே அழிக்கிற பச்சையாகும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும். நோயும் அந்தப் பூச்சியும் இதுவரை ஆஸ்திரேலியாவில் இல்லை. கன்று மட்டுமில்லை, ஈரத் துணியில் சுற்றிய ஒரு கொத்து இலைக்கும் இதே தடை. கன்று வேண்டுமென்றால் அங்குள்ள நர்சரியில் கேளுங்கள்.

கருவாட்டில் நெத்திலியைத் தவிர்க்கச் சொல்வோம். முழு மீனாக, தலையும் குடலும் செவுளுமாக உலர்த்தியது. மீன் நோய்க் கிருமிகள் தங்குவது அங்கேதான். கருவாட்டை அரிக்கும் வண்டும் கப்ரா வண்டின் குடும்பமே. தலையும் குடலும் நீக்கிய வஞ்சிரத் துண்டு, மீனின் பெயர் எழுதிய கம்பெனி பாக்கெட்டில் இருந்தால் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம். சந்தையில் வாங்கித் தாளில் கட்டியது தேறாது. பச்சை இறால் நினைக்கவே வேண்டாம்: 2016 கடைசியில் குயின்ஸ்லாந்துப் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி நோய் வந்ததிலிருந்து அவர்கள் அதில் மிகக் கண்டிப்பு.

விமானத்தில் ஓர் அட்டை கொடுப்பார்கள். உணவு, மருந்து, செடி, மரச்சாமான் எது இருந்தாலும் 'ஆம்' என்று குறியுங்கள். மூங்கில் முறம், மத்து, தொட்டில் கட்டை எல்லாம் இதில் சேரும். அறிவித்த பொருள் கூடாதென்றால் வாங்கி அழித்துவிடுவார்கள், அபராதம் இல்லை. மறைத்தது அகப்பட்டால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம், விசாவையே ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு. கடந்த 30 நாளில் பண்ணைக்கோ கால்நடைக்கோ அருகில் இருந்தீர்களா என்றும் அதில் கேட்பார்கள். தோட்டத்தில் மாடு வைத்திருக்கும் உங்களுக்கு அதற்கும் பதில் 'ஆம்'தான். கோமாரி நோய் அங்கே இல்லை. பால்கோவா, மைசூர்பாகு வகைகளைத் தடுப்பதும் அதற்காகவே. மாடு அடைக்கும் தொண்டுப்பட்டியில் போட்ட செருப்பை வீட்டிலேயே விடுங்கள். போட்டுப் போகும் செருப்பை அடிப்பகுதிவரை மண் போகத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள்.

திரும்பி வரும்போது மகள் வைட்டமின் மாத்திரை வாங்கித் தருவாள். நம் மருந்து விதிகளில் 36-ஆம் விதி, சொந்த உபயோகத்துக்குப் பெட்டியில் வருவதை ஒரு மருந்துக்கு 100 சராசரி வேளை அளவுவரை அனுமதிக்கிறது. அவளே பின்னால் பார்சலில் அனுப்பினால் 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து 12பி அனுமதி வாங்க வேண்டும். ஆகவே கையோடு எடுத்து வருவது சுலபம். செடியோ விதையோ கொண்டுவர நினைத்தால் இறக்குமதி அனுமதியும் அந்நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் முன்பே வேண்டும்.