1.6 கிலோ குழந்தையை அம்மாவின் நெஞ்சில் கட்டி வைக்கச் சொல்கிறார்கள். கண்ணாடிப் பெட்டி இல்லாத குறைக்கா?

தம்பி, நீங்கள் கேட்டதற்கு நேரடியான பதில்: இல்லை. 33 வாரத்தில் 1.6 கிலோவில் பிறந்த பிள்ளையை, மூச்சு சீரானதும் அம்மாவின் நெஞ்சோடு கட்டி வைக்கச் சொல்வது பெட்டி காலியில்லை என்பதற்காக அல்ல. பத்துப் பெட்டி காலியாகக் கிடந்தாலும் அதையேதான் சொல்ல வேண்டும். நான் தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் 16 வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். "பெட்டியில வைக்கப் பணம் கட்டணும்னா கட்டிடுறோம் சிஸ்டர், வெளிய மட்டும் எடுத்துடாதீங்க" என்று கை கூப்பிய அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

உங்கள் சந்தேகத்திலும் ஓர் உண்மை இருக்கிறது. 'கங்காரு பராமரிப்பு' என்று சொல்லும் இந்த முறை பற்றாக்குறையில்தான் பிறந்தது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், தாய்சேய் மருத்துவமனை ஒன்றில் எட்கர் ரேய் சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர் இதைத் தொடங்கினார். ஒரு பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள், ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குக் கிருமி, பிரித்து வைக்கப்பட்டதால் பிள்ளையைக் கைவிட்டுப் போன தாய்கள் என்று நிலைமை மோசமாக இருந்தது. கங்காரு குட்டியைப் பையில் சுமப்பதுபோல அம்மாவே சுமக்கட்டும் என்று விட்டார்கள். பற்றாக்குறைக்குச் செய்தது பெட்டியைவிட நன்றாக வேலை செய்தது என்று பிறகுதான் தெரிந்தது.

எவ்வளவு நன்றாக? இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என்று ஐந்து நாடுகளில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நம் நாட்டில் அது நடந்தது டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில். ஒரு பகுதிக் குழந்தைகளைப் பிறந்த உடனேயே அம்மா நெஞ்சில் போட்டார்கள். மற்றவர்களை வழக்கம்போல வார்மர் என்ற சூடு கொடுக்கும் கருவியில் வைத்து, உடல்நிலை தேறிய பிறகு அம்மாவிடம் கொடுத்தார்கள். முதல் 28 நாளில், பின்னால் கொடுத்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பிள்ளைகள் இறந்தன. உடனே கொடுத்தவர்களில் 12. முடிவு 2021-இல் வெளிவந்தது. அடுத்த வருடமே உலக சுகாதார நிறுவனம், குறைமாதப் பிள்ளைகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் முடிந்தவரை சீக்கிரம் இதைத் தொடங்க வேண்டும், ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. உங்கள் பிள்ளையின் எடை அந்த ஆய்வின் எல்லைக்குள்தான் வருகிறது.

காரணம் எளிது. பிள்ளை தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள உதவும் கொழுப்பு கடைசி மாதங்களில்தான் சேரும். உங்கள் பிள்ளை அதைச் சேர்க்கும் முன்னே வந்துவிட்டது. உடல் சில்லிட்டால், வளர்வதற்கான சக்தியெல்லாம் சூட்டுக்கே செலவாகிவிடும். அம்மா நெஞ்சில் அந்தச் செலவு மிச்சம். அவள் மூச்சின் ஏற்ற இறக்கம் பிள்ளையின் மூச்சையும் தூண்டிக்கொண்டே இருக்கும். வார்டின் கிருமிக்குப் பதிலாக, வீட்டோடு பழகிய அம்மாவின் தோல் கிருமி பிள்ளைமேல் படியும். பாலும் நன்றாகச் சுரக்கும்.

ஒரு ஆச்சியைப் பற்றிச் சொல்கிறேன். மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்து, அவசரமாக அறுவை செய்து 1.4 கிலோவில் ஆண் பிள்ளை. மகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். மூன்றாம் நாள் பிள்ளைக்கு மூச்சு சீராகிவிட்டது, ஆனால் உடல் வெப்பம் ஏறவில்லை, அளந்தால் 35.8 டிகிரி. 36.5-க்குக் கீழே இறங்கவே கூடாது. ஆச்சியிடம் "நீங்க வச்சுக்கிடுதீங்களா?" என்று கேட்டேன். அவர் தயங்கினார். "எம் மேலு வத்திப் போச்சேம்மா, இதுல என்ன சூடு இருக்கும்?" என்றார். குளித்துவிட்டு வரச் சொல்லி, நாற்காலியில் சாய்ந்து உட்கார வைத்து, பிள்ளையை நெஞ்சில் போட்டுத் துணியால் கட்டினேன். ஒரு மணி நேரம் கழித்து அளந்தபோது 36.7. ஆச்சி அசையவே இல்லை, தண்ணீர்கூடக் கேட்கவில்லை. மகள் எழுந்து வரும்வரை நான்கு நாள், ராத்திரி பகல் பார்க்காமல் அவரும் மருமகனும் மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள். மகள் முதன்முதலாகப் பிள்ளையை வாங்கியபோது, எப்படிக் கட்டுவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான் இல்லை, ஆச்சிதான்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் வேலைக்கு வந்த புதிதில், காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் அம்மாக்களை உள்ளே விட்டுவிட்டு, நேரம் முடிந்ததும் எழுப்பி அனுப்புவோம். அன்றைய வழக்கம் அதுதான். போக மனமில்லாமல் எழுந்த முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. அந்த ஐந்து நாட்டு ஆய்வில் உடனே தொடங்கிய அம்மாக்கள் நாளுக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் வைத்திருந்தார்கள். பலன் மணிக்கணக்கில்தான் இருக்கிறது. ஆனால் பச்சை உடம்புக்காரி ஒருத்தியால் 17 மணி நேரம் தனியாக முடியாது. நீங்கள் வேண்டும், உங்கள் அம்மா வேண்டும், அவளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும்.

வைக்கும் முறையை வார்டில் காட்டுவார்கள், ஆனாலும் எழுதுகிறேன். பிள்ளைக்குத் தொப்பி, சாக்ஸ், நாப்கின் மட்டும் போதும். நெஞ்சுக்கு நடுவில் நிமிர்த்தி, தவளை மாதிரி கைகால் மடங்கியிருக்க வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மோவாய் லேசாக மேலே தூக்கி இருக்க வேண்டும். மோவாய் நெஞ்சில் மடங்கி அழுந்தினால் மூச்சு அடைபடும்; அதை மட்டும் அடிக்கடி பாருங்கள். கட்டும் துணியின் மேல் விளிம்பு காதுக்குக் கீழே நிற்கட்டும். ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். அம்மா தலையணை வைத்துச் சாய்ந்தபடி தூங்கலாம், மல்லாந்து தட்டையாகப் படுக்கக் கூடாது. அறுவை செய்த தாயும் வைக்கலாம்; பிள்ளை தையலுக்கு மேலேதான் இருக்கும்.

பால் விஷயத்தில் சண்டை வரும், தயாராக இருங்கள். பிள்ளை நாக்கில் சேனை தொட்டு வைக்க வேண்டும், சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம், ஒரு சொட்டுக்கூட வேண்டாம். கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 34 வாரம் ஆகும்வரை உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் பிள்ளையால் சேர்த்துச் செய்ய முடியாது. அதுவரை பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் கொடுப்போம். நம் பாட்டிகளின் அதே மூக்கு வைத்த சங்குதான். ஆங்கில மருத்துவக் கட்டுரைகளிலும் அதை 'பாலாடை' என்றே எழுதுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கழுவி, கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். முதல் வாரம் எடை குறையும், கலங்காதீர்கள். பிறகு நாளுக்கு 25 கிராம் அளவுக்கு ஏறினால் சரியான பாதை.

வீட்டுக்குப் போன பிறகும் 2.5 கிலோ வரும்வரை தொடருங்கள். அதற்குள் பிள்ளையே நெளிந்து வெளியே வரப் பார்க்கும். எண்ணெய்க் குளியல், சாம்பிராணி எல்லாம் அதுவரை கிட்டவே வரக்கூடாது. பால் குடிக்க மறுத்தால், மூச்சு வாங்கினால், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானால், நெஞ்சில் வைத்தும் உடம்பு சில்லென்றே இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் நெஞ்சில் கட்டியபடியே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது: 2 கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த பிள்ளைக்கு, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். வெளியே பார்த்தால் கண் நன்றாகத்தான் தெரியும். நாள் தப்பினால் பார்வை திரும்பாமல் போகலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். காது பரிசோதனையும் அப்படியே.

"பின்னாடி புத்தி வளருமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொகோட்டாவில் 1993 முதல் 1996 வரை இப்படி வளர்த்த பிள்ளைகளை இருபது வயதில் தேடிப்போய்ப் பார்த்தார்கள். பெட்டியில் வளர்ந்தவர்களைவிட இவர்கள் பள்ளிக்கு அதிகம் மட்டம் போடவில்லை, முரட்டுத்தனமும் பரபரப்பும் குறைவு. பிள்ளை தலை நிற்பதையும் குப்புற விழுவதையும் கணக்குப் பார்க்கும்போது, சீக்கிரம் வந்த ஏழு வாரத்தைக் கழித்துப் பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதியே கணக்கு.

இப்போது உங்கள் பங்கு. இன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் உங்கள் மனைவியைத் தூங்கச் சொல்லிவிட்டு நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். குளித்து, நகம் வெட்டி, முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான சட்டையாகப் போட்டுக்கொண்டு போங்கள். டூட்டி சிஸ்டரிடம் "நான் வைக்கிறேன்" என்று சொன்னால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.