சிறைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கரையேறவிட்டகுப்பம். சமயம் மாறியதற்காக அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளிய கதையைக் கேட்டே வளர்ந்தோம். மத நம்பிக்கைக்காக இன்றும் சிறையில் இருப்பவர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தேசத்துரோகி, தீவிரவாதி என்றுதானே அந்தந்த அரசுகள் சொல்கின்றன, நாம் எதை நம்புவது? ரஷ்யச் சிறைக்கு ஒரு கடிதம் எழுத ஆசை. எப்படி எழுதுவது? கூடவே ஐந்நூறு ரூபாயும் ஒரு சிறிய பக்திப் புத்தகமும் வைக்கலாமா?

ஆர்., திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள ஆர்.,

அப்பர் கதைக்குப் பெரியபுராணம்தான் சான்று. ஆவணங்களோடு ஒரு வழக்கு வேண்டுமென்றால் புதுச்சேரிக்கு வாருங்கள். நைனியப்ப பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர். அந்தப் பதவியில் கிறிஸ்தவர்தான் இருக்க வேண்டும் என்று ஏசு சபைப் பாதிரிமார் விடாமல் நெருக்கினார்கள். 1716-இல் கைதானார். தீர்ப்போ கொடுங்கோன்மை, ராஜத்துரோகம் என்றது. கசையடி, மூன்று வருடச் சிறை, சொத்துப் பறிமுதல். 1717-இல் சிறையிலேயே இறந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் கிறிஸ்தவர். சாட்சிகள் தமிழில் சொன்னதைப் பிரெஞ்சில் எழுதி, படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்பது மேல்முறையீட்டில் பெரிய வாதமானது. தீர்ப்பு ரத்தானபோது பிள்ளை உயிரோடு இல்லை.

ஆகவே குற்றப்பிரிவின் பெயரை நம்பாதீர்கள், சாட்சியமாக எதை வைத்தார்கள் என்று பாருங்கள். ரஷ்ய உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரலில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவின் அமைப்பைத் தீவிரவாத அமைப்பு என்று தடை செய்தது. டென்மார்க்கைச் சேர்ந்த டென்னிஸ் கிறிஸ்டென்சன் அடுத்த மாதமே ஓரியோல் நகரில் கைதாகி, 2019-இல் ஆறு வருடத் தண்டனை பெற்றார். வழக்கில் ஆயுதமும் இல்லை, அடிதடியும் இல்லை. ஒன்றுகூடிப் படித்ததும் ஜெபித்ததும்தான் 'தடை செய்யப்பட்ட அமைப்பின் செயல்பாடு'. ஈரானில் பஹாய் என்ற சிறுபான்மை மதத்தினர் மீது இஸ்ரேல் உளவு என்று வழக்கு போடுவார்கள். அவர்களுடைய தலைமையகம் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருப்பதுதான் காரணம். அந்த மதத்தைத் தொடங்கிய பஹாவுல்லாவை அந்தப் பக்கத்துக்கு நாடுகடத்தியது ஒட்டோமான் அரசு, 1868-இல். இஸ்ரேல் பிறந்தது 1948-இல்!

இன்னொரு உரைகல், என் கணக்கில் இதுதான் முக்கியம்: மதத்தை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்தால் விடுகிறார்களா? 1979 புரட்சிக்குப் பிறகு தூக்குமேடை வரை போன பஹாய்கள் பலரிடம் அப்படித்தான் பேரம் பேசினார்கள். நிஜமான உளவாளியிடம் எந்த அரசும் அந்தப் பேரம் பேசாது. சில இடங்களில் இவ்வளவு துப்பறியவே வேண்டியதில்லை. பாகிஸ்தானில் அகமதியர் (அந்த நாட்டுச் சட்டம் முஸ்லிம்களாக ஏற்காத பிரிவினர்) தன்னை முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டால் மூன்று வருடம் வரை சிறை என்று தண்டனைச் சட்டம் 298-சி பிரிவே சொல்கிறது, 1984 முதல். வெளிநாட்டை மட்டும் சொல்லிவிட்டுப் போகவும் கூடாது. உத்தரப் பிரதேசத்தின் 2021 மதமாற்றத் தடைச் சட்டம், கட்டாயப்படுத்தவில்லை என்று நிரூபிக்கும் சுமையைக் குற்றம்சாட்டப்பட்டவர் தலையிலேயே வைக்கிறது. வன்முறையில் இறங்கியவர்களையும் தூண்டியவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவர்கள் எந்த மதமானாலும்.

இனி கடிதம். ரஷ்யச் சிறையில் எல்லாக் கடிதத்தையும் தணிக்கையாளர் படிப்பார். அவருக்குப் புரியாத மொழியில் இருந்தால் ஓரமாகப் போட்டுவிடுவார். எனவே ரஷ்ய மொழியில், ஒரே பக்கம். தமிழில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதி, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, வந்ததை மறுபடி தமிழுக்குத் திருப்பிப் பாருங்கள். மரபுத்தொடர்கள் அங்கேதான் உதை வாங்கும். 'மனசு கனக்கிறது' என்று எழுதினால் இருதய நோயாளியாக அங்கே போய்ச் சேர்வீர்கள். 'உங்களை நினைத்துக்கொள்கிறேன்' போதும்.

வழக்கு, நீதிபதி, அதிபர், போர், இவை எதுவும் வேண்டாம். ஒரு வரிக்காக முழுக் கடிதமும் நின்றுவிடும். எந்த அமைப்பு சொல்லி எழுதுகிறீர்கள் என்பதும் வேண்டாம். தேவனாம்பட்டினம் கடற்கரை, பண்ருட்டிப் பலாப்பழம், கார்த்திகை மழை என்று எழுதுங்கள். நான்கு சுவருக்குள் இருப்பவருக்கு அதுதான் தீனி. படம் வைத்தால் கடற்கரைப் படம் வையுங்கள், துறைமுகம் வேண்டாம்.

உறையில் கைதியின் குடும்பப் பெயர், பெயர், தந்தைவழிப் பெயர் (அப்பா பெயரிலிருந்து வருவது), பிறந்த ஆண்டு நான்கும் ரஷ்ய எழுத்தில் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பிறந்த ஆண்டுதான் பிரித்துக் காட்டும். நம் தபால்காரர்களுக்காக நாட்டின் பெயரை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். உங்கள் முகவரியைக் கடிதத்துக்குள்ளும் எழுதிவிடுங்கள், உறை அவர் கைக்குப் போகாமலும் இருக்கலாம். பதில் எழுத ஒரு வெற்றுத்தாள் வையுங்கள். இந்தியத் தபால்தலை அங்கே செல்லாது. தீர்ப்பு வந்ததும் விசாரணைச் சிறையிலிருந்து தண்டனைக் காலனிக்கு மாற்றுவார்கள். அந்தப் பயணம் வாரக்கணக்கில் நீளும், எங்கே என்று குடும்பத்துக்கே தெரியாது. அந்த நேரத்தில் அனுப்பினால் திரும்பித்தான் வரும். அனுப்புவதற்கு முன் முகவரி இன்னும் அதுதானா என்று பாருங்கள். மஞ்சக்குப்பம் தலைமை அஞ்சலகத்தில் ரஷ்யாவுக்கு இப்போது தபால் எடுக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா நாட்டுக்கும் இது பொருந்தாது. எரித்திரியாவில் ராணுவத்தில் சேர மறுத்த யெகோவாவின் சாட்சிகள் மூன்று பேரை 1994 செப்டம்பரில் பிடித்தார்கள். குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை, 2020 டிசம்பரில்தான் விட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கைதிக்கு எழுதுவதைவிட அந்த நாட்டின் டெல்லி தூதரகத்துக்கு எழுதுங்கள். அங்கே தொனி வேறு: கைதியின் முழுப்பெயர், கைதான தேதி, ஒரே ஒரு கோரிக்கை, மரியாதையான நடை. குடும்பம் வெளியே பெயர் வரக்கூடாது என்றிருந்தால் அதுவும் வேண்டாம்.

பக்திப் புத்தகத்தை எடுத்து வைத்துவிடுங்கள். யெகோவாவின் சாட்சிகளின் பைபிள் மொழிபெயர்ப்பையே 2017 ஆகஸ்டில் தீவிரவாதப் பிரசுரம் என்று ரஷ்ய நீதிமன்றம் ஒன்று அறிவித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் சமயப் புத்தகம் கைதிக்கு இன்னொரு விசாரணையைத்தான் கொண்டுவரும். ரூபாய் நோட்டும் உறையில் வேண்டாம், வழியிலேயே போய்விடும், அல்லது அதன் பொருட்டுக் கடிதமும் பறிபோகும். அந்த ஐந்நூறைத் தபால்தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் கடிதம் நின்றுபோனால் அதையே இன்னொரு பிரதி எடுத்து ஒரு மாதம் கழித்து அனுப்ப அது வேண்டியிருக்கும்.