கேஸ் நிரப்பிய ஒன்பதாம் நாளே ஏசி வெறும் காற்று ஊதினால்?

கேள்வி: திருவான்மியூரில் வசிக்கிறோம். ஸ்ப்ளிட் ஏசி வாங்கி நாலு வருடம் ஆகிறது. குளிர்ச்சி குறைந்ததால் பக்கத்துக் கடையில் சொன்னோம். வந்த மெக்கானிக், கேஸ் குறைவு என்று நிரப்பிவிட்டு 3,800 ரூபாய் வாங்கினார். ஒன்பதே நாளில் மறுபடி வெறும் காற்று. கேட்டால், ஏசியை இயக்கும் மின்னணுப் பலகையைச் சொல்லி, “பிசிபி போர்டு போயிடுச்சு, 7,500 ஆகும்” என்கிறார். பில் இல்லை, பணத்தை யுபிஐயில் அவர் நம்பருக்கே அனுப்பினேன். வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

ஏசி கேஸ், பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிவரும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கடலோர வீடுகளில் உப்புக் காற்று அவுட்டோர் யூனிட் காயிலை அரித்துவிடுவதும் உண்டு. கசிவைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்பியிருந்தால், அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். பில் தராதது பிரிவு 2(47)-ன்படி தனிக் குற்றச்சாட்டு. பணம் கொடுத்ததற்கு யுபிஐ பதிவு போதும்.

சிக்கல் போர்டில்தான். மின்னழுத்தம் ஏறி இறங்கியும் போர்டு போகும். அப்படியானால் அவர் மீது பழி நிற்காது. அதனால் கம்பெனி சர்வீஸ் ஆளை வரவழைத்து, கேஸ் அழுத்தம், கசிவு இருக்கும் இடம், போர்டின் நிலை மூன்றையும் எழுதி வாங்குங்கள். வெயில் தாங்காமல் முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம் என்னிடம் வருபவர்கள்தான் அதிகம். அப்போது நுகர்வோர் ஆணையத்தில் காட்ட என்ன மிஞ்சும்? உடனே சரிசெய்தே ஆகவேண்டுமென்றால் வீடியோ எடுங்கள், பழைய போர்டை வீட்டிலேயே வைத்திருங்கள்.

பிறகு 15 நாள் அவகாசம் கொடுத்து, கடைக்காரர், மெக்கானிக் இருவருக்கும் ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். “அவர் எங்கள் ஆள் இல்லை” என்று கடை கைகழுவப் பார்க்கும். யார் அனுப்பி வந்தார் என்பதற்கு உங்கள் போன் பதிவு, வாட்ஸ்அப் உதவும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் புகார் சொல்லலாம். எதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்கள் தொகைக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், இணையத்திலேயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, இதைச் சொல்வதில் எனக்குத்தான் நஷ்டம்.

3,800 ரூபாய், சோதனைச் செலவு, அலைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, இவ்வளவு கேளுங்கள். மன உளைச்சலுக்கு லட்சம் என்று எழுதினால் மனுவின் மதிப்புதான் குறையும். அந்த 7,500-ஐ மட்டும் இப்போது கொடுத்துவிடாதீர்கள்.